இரவு இரண்டு மணிக்கு டாக்டரை எழுப்பலாமா?

டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் இடையே பேச்சு நன்றாக அமைய என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உண்மையான கேள்வி, நடுவில் நீங்கள் எழுதியிருக்கும் சில வரிகளில்தான் இருக்கிறது. தனியார் மருத்துவமனை, வேலையில் சேர்ந்து இரண்டு வருடம், நைட் ட்யூட்டி. மூச்சு வாங்கிய ஒரு பெரியவருக்காக இரண்டு மணிக்கு டாக்டருக்குப் போன் போட்டீர்கள். “இதுக்கெல்லாமா எழுப்புவீங்க?” என்று சத்தம் போட்டார். அடுத்த வாரம் இன்னொருவருக்கு அதே மாதிரி ஆனபோது கை போனுக்குப் போகவில்லை, அரை மணி நேரம் தள்ளிப் போட்டேன் என்கிறீர்கள். ஆக, நான் கூப்பிட்டது சரியா, கூப்பிட்டால் எப்படிச் சொல்ல வேண்டும், என் ஆங்கிலம்தான் குறையா, திட்டிய டாக்டரிடம் இனி எப்படிப் பேசுவது என்பவைதான் உங்கள் கேள்விகள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் 31 வருடம் நர்ஸாக இருந்தவள். பாதிக் காலம் அறுவைசிகிச்சை வார்டிலும் ஐ.சி.யு.விலும், பிறகு புதிதாக வரும் ஸ்டாஃப்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையிலும் இருந்தேன். எல்லாமே பெரிய மருத்துவமனைகள். இருபது படுக்கை நர்சிங் ஹோமில் நான் வேலை பார்த்ததில்லை. அங்கே முதலாளியும் டாக்டரும் ஒரே ஆள். அந்த இடத்துக்கு நான் சொல்வதில் எவ்வளவு பொருந்தும் என்பதை அங்கே இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

முதல் கேள்விக்குத் தயக்கமே இல்லாமல் பதில் சொல்லலாம். நீங்கள் கூப்பிட்டது சரி. மூச்சு நிமிடத்துக்கு 28, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 90 சதவீதம், பல்ஸ் 112 என்று எழுதியிருக்கிறீர்கள். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் ஒரு எச்சரிக்கை மதிப்பெண் முறையைக் கொண்டு வந்தது, 2017-இல் அதைத் திருத்தியது. பல்ஸ், பி.பி., மூச்சு, காய்ச்சல், ஆக்சிஜன், நினைவு என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை 5 வந்தால் டாக்டர் சீக்கிரம் வந்து பார்க்க வேண்டும், 7-ஐத் தொட்டால் அவசரம். உங்கள் பெரியவருக்கு மூச்சுக்கு 3, ஆக்சிஜனுக்கு 3, பல்ஸுக்கு 2, மொத்தம் 8. அவருக்கு நாள்பட்ட நுரையீரல் நோய் இருந்து கரியமில வாயு தேங்குகிறவர் என்றால் ஆக்சிஜனுக்கு வேறு கணக்கு உண்டு, அந்த 3 கழிந்துவிடும். அப்போதும் 5 மிஞ்சுகிறது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் எழுப்ப வேண்டிய நேரம்தான் அது. இந்த முறையில் எனக்குப் பிடித்ததே இதுதான். ‘எனக்குத் தோணுது சார்’ என்று ஒரு நர்ஸ் தன் தைரியத்தை நம்பிப் பேச வேண்டியதில்லை. சார்ட் கூப்பிடச் சொல்கிறது, கூப்பிடுகிறாள்.

இரண்டாவது கேள்விக்கு என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். நானும் இரண்டாவது வருடத்தில் இருந்தபோது நடந்தது. குடல் ஆபரேஷன் முடிந்து வந்த ஒருவர், நாற்பது வயது இருக்கும். பல்ஸ் பத்து மணிக்கு 92, பதினொன்றுக்கு 104, பன்னிரண்டரைக்கு 118. யூரின் பையில் இரண்டு மணி நேரமாக ஏறவே இல்லை. கை ஜில்லென்று இருந்தது. ஆள் வலி என்று சொல்லவில்லை, ஆனால் ஒரு இடத்தில் படுக்க முடியாமல் புரண்டுகொண்டே இருந்தார். ட்யூட்டி டாக்டருக்குப் போன் போட்டு நான் சொன்னது இவ்வளவுதான்: “சார், அந்த ஆபரேஷன் பேஷண்ட் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கார்.” அவர் பி.பி. கேட்டார். 110-க்கு 70 என்றேன். “சரி, வாட்ச் பண்ணுங்க” என்று வைத்துவிட்டார். நான் கேஸ் ஷீட்டில் ‘டாக்டர் இன்ஃபார்ம்ட்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விடியற்காலையில் பி.பி. இறங்கி, வயிற்றைத் திரும்பத் திறந்தார்கள். உள்ளே ரத்தக் கசிவு. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஐந்து மணி நேரத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. பல்ஸ் ஏறிக்கொண்டே போன கணக்கு என் கையில் இருந்தது, அதை நான் சொல்லவில்லை. உள்ளே ரத்தம் போகிறதோ என்று பயந்தேன், அந்தப் பயத்தையும் சொல்லவில்லை. ‘வந்து பாருங்கள்’ என்றும் கேட்கவில்லை. அவர் கேட்ட ஒரே கேள்விக்கு மட்டும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். இளம் வயதுக்காரர்களுக்கு ரத்தம் போகும்போது பி.பி. கடைசியில்தான் விழும் என்பது பாடத்தில் படித்ததுதான். போனில் வாய்க்கு வரவில்லை.

அதனால்தான் பயிற்சியில் எஸ்பார் (SBAR) என்ற பேச்சு முறையை நான் விடாமல் சொல்லிக்கொடுத்தேன். இது அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பழக்கத்தில் இருந்து, 2000-க்குப் பிறகு கைசர் பெர்மனென்ட்டே என்ற பெரிய மருத்துவமனைக் குழுமத்தின் வழியாக மருத்துவத்துக்குள் வந்தது. நான்கு படி: இப்போது என்ன நடக்கிறது, இந்த ஆள் யார், நான் என்ன நினைக்கிறேன், உங்களிடம் என்ன கேட்கிறேன். உங்கள் பெரியவருக்கு இப்படிச் சொல்லியிருக்கலாம்: “சார், மெடிக்கல் வார்டு நைட் ஸ்டாஃப் பேசுறேன். பதினாலாம் பெட் பெரியவருக்கு ஒரு மணியிலிருந்து மூச்சு வாங்குது. ரெஸ்பிரேஷன் 28, சாச்சுரேஷன் ஆக்சிஜன் இல்லாம 90, பல்ஸ் 112. நேத்து நிமோனியான்னு அட்மிட் ஆனவர், சாயங்காலம் 96 இருந்தது. மோசமாகிட்டே போறார்னு நினைக்கிறேன். ஆக்சிஜன் போட்டுட்டேன். நீங்க இப்ப வந்து பாக்கணும் சார்.” படித்துப் பாருங்கள், அரை நிமிடம்கூட ஆகாது. போன் போடும் முன் கேஸ் ஷீட், ட்ரீட்மெண்ட் ஷீட், கடைசி ரிப்போர்ட் மூன்றும் கையில் இருக்கட்டும். மூச்சை ஒரு முழு நிமிடம் நீங்களே எண்ணுங்கள். ‘20’ என்று பழக்கதோஷத்தில் எழுதிவிடுகிற வார்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைசி இரண்டு படிகளில்தான் நம் ஆட்கள் விழுங்குவார்கள். நினைப்பதைச் சொல்வதும் கேட்பதும் அதிகப்பிரசங்கித்தனம் என்று நமக்குப் படிக்கும்போதே சொல்லி வளர்த்துவிட்டார்கள். லெனார்டு ஸ்டைன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1967-இலேயே இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். நர்ஸ் யோசனை சொல்ல வேண்டும், ஆனால் சொன்னது மாதிரித் தெரியக் கூடாது. டாக்டர் அதைத் தன் யோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு ‘டாக்டர்–நர்ஸ் விளையாட்டு’ என்று பெயர் வைத்தார். நம் ஊரில் இதற்கு ஒரு தனி வடிவம் உண்டு. “சார், ஒரு தடவை எக்ஸ்ரே எடுத்துடலாமான்னு பேஷண்ட்டோட அட்டெண்டர் கேக்குறாங்க.” கூட இருக்கும் எந்தச் சொந்தக்காரரும் கேட்டிருக்க மாட்டார். நர்ஸ்தான் கேட்கிறாள். பகலில், நேரம் இருக்கும்போது இது எப்படியோ ஓடிவிடும். நடுராத்திரியில் நோயாளி மூழ்கிக்கொண்டிருக்கும்போது இந்தச் சுற்றிவளைப்பில் நேரம் போய்விடும்.

எஸ்பாரால் எவ்வளவு பலன் என்றால், பேச்சு தெளிவாகிறது, அழைப்பதற்குப் பயம் குறைகிறது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். 2018-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, நோயாளிப் பாதுகாப்பு மேம்படுவதற்கு ஓரளவு சான்று இருக்கிறது, அதிலும் தொலைபேசிப் பேச்சில் அதிகம் என்றது. ஓரளவு என்பதைக் கவனியுங்கள். எஸ்பார் போஸ்டரை ஒட்டினால் மரணம் குறையும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம். ஷிஃப்ட் மாறும்போது நடக்கும் பணி ஒப்படைப்பை (நாம் ஓவர் கொடுப்பது என்கிறோமே, அதை) ஒழுங்குபடுத்தி 9 மருத்துவமனைகளில் செய்து 2014-இல் வெளிவந்த ஐ-பாஸ் ஆய்வில் மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்தன. நல்ல ஆய்வுதான், ஆனால் அது டாக்டர் டாக்டருக்கு ஓவர் கொடுப்பதைப் பற்றியது. நர்ஸ்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சந்தேகம் இல்லாமல் பலன் தரும் இன்னொரு பழக்கம், போனில் சொன்ன ஆர்டரைத் திருப்பிச் சொல்வது. நோயாளி பெயர், பெட் நம்பர், மருந்து, அளவு, எந்த வழியில், எவ்வளவு வேகத்தில். பெட் நம்பர் மட்டும் போதாது, ஆட்களை இடம் மாற்றிப் படுக்க வைப்போம். பெயர் மட்டும் போதாது, ஒரே வார்டில் மூன்று முருகன் இருப்பார்கள். அளவைச் சொல்லும்போது அலகு கட்டாயம். பொட்டாசியம் குளோரைடு (கே.சி.எல்.) ஆம்பூல் 10 மில்லி, அதில் இருக்கும் மருந்து 20 மில்லிஈக்விவலன்ட் (மருந்தின் அளவைச் சொல்லும் அலகு). “கே.சி.எல். பத்து போடுங்க” என்றால் பத்து மில்லியா, பத்து மில்லிஈக்விவலன்ட்டா? இரண்டுக்கும் இரு மடங்கு வித்தியாசம், இதயத்தை நிறுத்தக்கூடிய மருந்து. எண்களைத் தமிழிலும் ஒரு முறை சொல்லிவிடுங்கள். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி என்பது கரகரக்கும் போனில் ஒன்றாகவே கேட்கும். பதினஞ்சு, அம்பது குழம்பவே குழம்பாது. ஆனால் ஆறும் நூறும் தமிழில் குழம்பும், அங்கே ஆங்கிலம் நல்லது. எனக்குப் பழக்கம், இரண்டு மொழியிலும் சொல்வது. சில டாக்டர்கள் எரிச்சல்படுவார்கள். ஒரு வாரத்தில் அவர்களுக்கும் பழகிவிடும்.

எழுத்திலும் இதே கதைதான். ரவுண்ட்ஸ் முடிந்து ‘சி.எஸ்.டி.’ என்று மூன்று எழுத்து. அதே சிகிச்சையைத் தொடரவும் என்று அர்த்தம். எந்த சிகிச்சையை? நேற்று நிறுத்திய ஆன்டிபயாடிக்கும் அதில் சேர்த்தியா? நர்ஸ் பக்கத்தைப் புரட்டிப் புரட்டி நான்கு நாள் முந்தைய ஆர்டரைத் தேடுவாள். இன்சுலின் எட்டு யூனிட் என்பதை 8-க்குப் பக்கத்தில் ஆங்கில யு போட்டு எழுதினால், அவசரக் கையெழுத்தில் 80 ஆகத் தெரியும். ‘யூனிட்’ என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள். மருந்துப் பெயரைப் புரியும்படி, கூடியவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று 2016-இல் இந்திய மருத்துவக் கவுன்சிலே விதியில் சேர்த்தது. நம் பக்கத்துக் குறை ‘டாக்டர் இன்ஃபார்ம்ட்’. எந்த டாக்டர், எத்தனை மணிக்கு, நான் என்ன சொன்னேன், அவர் என்ன சொன்னார் என்று நான்கும் இல்லாமல் அந்த வரி யாருக்கும் உதவாது. அப்புறம் வாட்ஸ்அப். ஈ.சி.ஜி.யைப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டுவிட்டு இரண்டு நீல டிக் வந்தால் பார்த்துவிட்டார் என்று இருந்துவிடாதீர்கள். டிக் ஆர்டர் ஆகாது. படம் அனுப்பினால் போனும் போட வேண்டும். நோயாளியின் பெயர் தெரியும்படி குரூப்பில் போடுவதும் சரியில்லை.

திட்டு வந்தால் என்ன செய்வது என்பதற்கு முன், கை போனுக்குப் போகாத அந்த இரவில் பக்கத்து வார்டு ஸ்டாஃபை ஏன் கூப்பிடவில்லை என்று உங்களைக் கேட்க நினைத்தேன். குற்றம் சொல்ல அல்ல. 1966-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. முன்பின் தெரியாத ஒரு ‘டாக்டர்’ இரவில் வார்டுக்குப் போன் போட்டு ஒரு மருந்து 20 மில்லிகிராம் கொடுக்கச் சொல்வார். டப்பாவில் உச்ச அளவு 10 என்று அச்சடித்திருக்கும். 22 நர்ஸ்களில் 21 பேர் கொடுக்கப் போனார்கள். (கொடுக்கும் முன் தடுத்துவிட்டார்கள்.) இந்தச் சோதனையைச் சொல்லி நர்ஸ்கள் கண்ணை மூடிக்கொண்டு கீழ்ப்படிவார்கள் என்று பேசுவார்கள். ஆனால் 1977-இல் வேறு இருவர் இதை மாற்றிச் செய்தார்கள். மருந்து நர்ஸ்களுக்குத் தெரிந்தது, சக நர்ஸிடம் கலந்து பேசவும் வழி இருந்தது. 18 பேரில் 2 பேர் மட்டுமே கொடுக்கத் தயாரானார்கள். மருந்து தெரிந்ததாலா, கலந்து பேசியதாலா என்று இதில் பிரித்துச் சொல்ல முடியாது. என் அனுபவம் இரண்டாவதின் பக்கம் சாய்கிறது. தனியாக இருக்கும்போது ‘நமக்கென்ன தெரியும்’ என்று தோன்றும். “நீயும் ஒரு தடவை வந்து பாரேன்” என்று கூப்பிட்டு, அவளும் பார்த்து “ஆமாக்கா, சரியில்ல” என்றால் போதும், கை போனுக்குப் போகும்.

இதுவரை சொன்னதெல்லாம் நர்ஸ் செய்ய வேண்டியவை. இத்தோடு நிறுத்தினால் அது நியாயமில்லை. என் 31 வருடத்தில் நான் கண்டது, ஒரு வார்டில் பேச்சு எப்படி இருக்கும் என்பதை நர்ஸின் முதல் வாக்கியம் தீர்மானிப்பதில்லை, அதற்கு டாக்டர் சொல்லும் முதல் பதில்தான் தீர்மானிக்கிறது. ஒரு முறை கத்தினால் அந்த நர்ஸ் மட்டும் வாயை மூடுவதில்லை. காலை ஓவர் கொடுக்கும்போது அது ஐந்து பேருக்குப் போகும், “அவரை ராத்திரி கூப்பிடாதீங்கப்பா” என்று. உங்களுக்கு அந்த அரை மணி நேரத் தயக்கம் வந்தது அப்படித்தான். அது உங்கள் குணக்குறை இல்லை. எங்கள் ஐ.சி.யு.வில் ஒரு டாக்டர் இருந்தார். எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும், விஷயம் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும், “கூப்பிட்டது நல்லது சிஸ்டர், வேற யார் மேலயாவது கவலை இருக்கா?” என்றுதான் வைப்பார். அவர் ட்யூட்டியில் கவனிக்காமல் விட்டுப்போன சமாச்சாரம் குறைவு. தற்செயலாகவும் இருக்கலாம், ஒரு வார்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் 1986-இல் அமெரிக்காவில் 13 மருத்துவமனைகளின் ஐ.சி.யு.க்களில் 5,030 நோயாளிகளை ஆராய்ந்தபோதும், எதிர்பார்த்ததைவிட மரணம் குறைந்த இடங்களுக்கும் மோசமான இடங்களுக்கும் இருந்த வித்தியாசத்தில் முக்கியமானது, டாக்டர்களும் நர்ஸ்களும் எவ்வளவு ஒத்துழைத்தார்கள் என்பதாகத்தான் தெரிந்தது.

கேட்கும் காது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2005-இல் இங்கிலாந்தில் நடந்ததை எல்லாப் பயிற்சியிலும் சொல்வேன். எலைன் புரோமிலி என்ற இளம் தாய், சைனஸ் ஆபரேஷனுக்காகப் போனார். மயக்கம் கொடுத்ததும் மூச்சுக் குழாய் போட முடியவில்லை, காற்றும் ஏறவில்லை. அனுபவமுள்ள டாக்டர்கள், எல்லோரும் குழாய் போடும் முயற்சியிலேயே மூழ்கிவிட்டார்கள். கழுத்தில் துளையிடும் கருவியை ஒரு நர்ஸ் கொண்டு வந்து, இதோ இருக்கிறது என்றார். இன்னொருவர் ஐ.சி.யு.வில் படுக்கை ஏற்பாடு செய்தார். இரண்டும் கவனிக்கப்படவில்லை. சில நாள் கழித்து எலைன் இறந்துபோனார். என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்று நர்ஸ்கள் பின்னால் சொன்னார்கள். அவருடைய கணவர் மார்ட்டின் ஒரு விமானி. விமானி அறையில் இளையவர் மூத்தவரைத் தடுத்துச் சொல்லப் பயிற்சி இருக்கிறதே, இங்கே ஏன் இல்லை என்று கேட்டார். யாரையும் பழிவாங்காமல், இதைச் சொல்லிக்கொடுக்க 2007-இல் ஓர் அமைப்பையே தொடங்கினார்.

ஆக நிர்வாகத்துக்கும் வேலை இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூறுக்கும் மேற்பட்ட ஐ.சி.யு.க்களில், பெரிய ரத்தக்குழாயில் லைன் (மருந்து ஏற்றும் குழாய்) போடும்போது தொற்றைத் தடுக்கும் ஐந்து படிகளில் ஒன்றை டாக்டர் விட்டால் நர்ஸ் நிறுத்தலாம் என்று நிர்வாகமே அதிகாரம் கொடுத்தது. 2006-இல் வெளியான முடிவில் அந்த லைன் வழியாக வரும் தொற்று 66 சதவீதம் வரை குறைந்தது. நர்ஸின் அதிகாரம் மட்டும் இதைச் செய்யவில்லை, கூடவே பல மாற்றங்கள் செய்தார்கள். ஆனால் உத்தரவு மேலிருந்து வந்தது என்பது முக்கியம். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைசிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலும் அப்படித்தான். டெல்லி உட்பட 8 நகரங்களில் மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009-இல் வந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளில் அதையே கட்டாயமாக்கியபோது குறிப்பிடும்படியான குறைவு இல்லை என்று 2014-இல் வந்தது. இரண்டும் உண்மையான ஆய்வுகள். கட்டத்தில் டிக் அடிப்பதும், நிஜமாக நின்று ஒருவரை ஒருவர் கேட்பதும் ஒன்றல்ல என்பது என் கருத்து, அதை நிரூபணம் என்று சொல்லமாட்டேன்.

உங்கள் மருத்துவமனையில் ஒன்றே ஒன்று மாற்ற முடியும் என்றால், ரவுண்ட்ஸில் அந்தந்த நோயாளியின் நர்ஸ் கூட நிற்கும்படி செய்யச் சொல்வேன். இப்போது என்ன நடக்கிறது? நாம் ஊசி போட்டுக்கொண்டிருப்போம், ரவுண்ட்ஸ் போய்விடும், இரண்டு மணி நேரம் கழித்துக் கேஸ் ஷீட்டைத் திறந்தால் ‘ஸ்டாட்’ (உடனே செய்ய வேண்டிய) ஆர்டர் அங்கே உட்கார்ந்திருக்கும். பத்து நிமிடம் கூட நின்றால் இரவு அழைப்புகளில் பாதி தேவைப்படாது. இதற்கு ஆள் வேண்டும். பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். இரவில் நாற்பது பேருக்கு ஒருத்தி நிற்கும் வார்டில் எந்தப் பேச்சுப் பயிற்சியும் அதிக தூரம் போகாது. பயிற்சி கொடுத்தவளாக இதைச் சொல்வது எனக்குக் கடமை.

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். மருந்துப் பெயர், அளவு, சார்ட்டில் எழுதும் சொற்கள் பிழையில்லாமல் இருந்தால் போதும். உங்கள் டாக்டருக்குத் தமிழ் தெரியும் என்றால் தமிழிலேயே சொல்லுங்கள். வெளி மாநிலத்து டாக்டர் என்றால் அந்த நான்கு படிகளைச் சீட்டில் எழுதி வைத்துப் படியுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கடைசியாக அந்த டாக்டர். பகலில், கூட்டம் இல்லாத நேரத்தில், கேஸ் ஷீட்டோடு போங்கள். “சார், அன்னிக்கு ராத்திரி 28 ரெஸ்பிரேஷனுக்கு உங்களைக் கூப்பிட்டேன். எந்த நிலைமையில கூப்பிடணும்னு நீங்க எதிர்பாக்குறீங்கன்னு சொல்லிட்டீங்கன்னா வார்டுல எழுதி ஒட்டிடுவோம்” என்று கேளுங்கள். பெரும்பாலும் அவரே ஒரு வரம்பைச் சொல்வார், அது உங்கள் எல்லோருக்கும் பாதுகாப்பு. முப்பத்தாறு மணி நேர ட்யூட்டியின் முடிவில் கத்தியிருப்பார், அவரும் வருத்தப்பட்டிருக்கக்கூடும். அப்படி இல்லாமல் மறுபடியும் திட்டினால், தனியாக இழுத்துக்கொண்டு போகாதீர்கள். இன்சார்ஜ் சிஸ்டரிடம் தேதி, மணி, சொன்ன வார்த்தை மூன்றையும் எழுத்தில் கொடுங்கள். இரவில் அவர் வரவில்லை, நோயாளி மோசமாகிறார் என்றால் இன்னொரு முறை அவரையே கூப்பிடுங்கள், “சார், இது எனக்குப் பாதுகாப்பாத் தெரியல” என்ற வார்த்தையைச் சொல்லுங்கள். அப்போதும் வராவிட்டால் ஐ.சி.யு. டாக்டர், அடுத்து நைட் சூப்பர்வைசர். அவர்கள் நம்பர்களை இன்றைக்கே வார்டு போனுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.